மஞ்சள் வண்டிக்கு வைத்த பொரி

மருதையனுக்கு அங்கே வேலை, எலி பிடிப்பது. யார் கேட்டாலும் வாட்ச்மேன் என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் மனைவி மங்களாம்பிகை நடவு வயலில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு எலிக் காவல். மாசச் சம்பளம். பூனை பாக்குற வேலைய பூனையவிட நல்லாவே பாக்குறாரு."

இடம், சாலியமங்கலம் தாண்டி வயல்களுக்கு நடுவே மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில். அதை அதிராம்பட்டினத்து ஜாஃபர் சாதிக் வாடகைக்கு எடுத்திருந்தார். ஷார்ஜாவில் பழைய கார்களை ஏலம் விடுகிற யார்டு ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பினால் ஜவுளிக்கடை வைப்பார், ஓட்டல் வைப்பார் என்று சொந்தக்காரர்கள் பார்த்திருக்க, அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்க ஆரம்பித்தார். வாங்குவது விற்பது எல்லாம் போனிலேயே. சென்னையிலோ பெங்களூரிலோ யாரோ ஒரு பணக்காரப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி அலுத்துப்போன வண்டி, தவணை கட்டாததால் பேங்க் தூக்கி வந்த வண்டி, இப்படி ஆன்லைன் ஏலத்துக்கு வரும். பாய் அதில் ஒன்றைப் பார்த்து எடுப்பார். லாரியில் ஏறி அது மில்லுக்கு வந்து சேரும். அவருடைய அக்கா மகன் ஷஹ்பாஸ் மெக்கானிக். அவன் கீழே படுத்தும் மேலே கவிழ்ந்தும் பழுது பார்ப்பான். பிறகு நெல் காயவைத்த சிமெண்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் பச்சை வயல் தெரியப் படம் பிடித்து, மறுபடி ஏலத்தில் ஏற்றுவார்கள்.

"மெட்ராஸ்ல ஷோரூம் வெச்சிருக்கவன்லாம் பின்னாடி பச்சைத் துணியக் கட்டிப் படம் எடுக்குறான் அண்ணே. நமக்கு ஆண்டவன் நிஜத்தையே விரிச்சு வெச்சிருக்கான்" என்பார் பாய்.

நெல் வரத்து நின்று இத்தனை காலம் ஆகியும் எலிகளுக்கு மில்லின் விலாசம் மறக்கவில்லை. பாய் முதலில் வாங்கி நிறுத்திய சிவப்பு வண்டியை ஒரே வாரத்தில் கடித்து வைத்தன. அந்த வண்டிகளில் ஒயருக்கு மேல் இருக்கிற தோல் அவற்றுக்கு முறுக்கு மாதிரி. பாய் மருந்து வைத்தார். செத்த எலி ஸீட்டுக்கு அடியில் நாறியது. பசைத் தட்டு வைத்தார். அதில் ஷஹ்பாஸின் செருப்பு ஒட்டிக்கொண்டது. கடைசியில் யாரோ சொல்லித்தான் மருதையனைக் கூப்பிட்டார்கள். வயலில் எலி பிடிக்கிற மூங்கில் கிட்டியை அவர் ஒரு கோணி நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். வில் மாதிரி வளைத்து, நாண் பூட்டி, நடுவில் கருவாட்டுத் துண்டு வைத்தால், எலி வாய் வைத்த நிமிஷம் படக்கென்று கழுத்தில் விழும். ஷஹ்பாஸ் முதல் கிட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான், விரலில் வாங்கிக்கொண்டான், அன்றிலிருந்து அதன் பக்கம் போவதில்லை.

அதற்கு முன்னால் மருதையன் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிற நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு சம்பா அறுப்பில், லாரிப் பலகையில் ஏறும்போது இடுப்பில் ஏதோ நழுவியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி பாரம் தூக்கினால் கால் இழுத்துக்கொள்ளும் என்று சொன்னார். "வேற வேலை பாருங்க" என்றும் சொன்னார். வேறு வேலை என்ன இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பாய் கூப்பிட்டபோதுதான் அந்த வேற வேலை கிடைத்தது. வண்டிகளுக்குப் போர்வை போர்த்துவது, எடுப்பது, சார்ஜர் மாட்டுவது, கிட்டி வைப்பது. பாரம் என்று பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர். இது போனால் மறுபடி எதிர்ப்பக்கம்தான் என்பது மருதையனுக்குத் தெரியும். அந்த எதிர்ப்பக்கமும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. மில் வாசலில் உட்கார்ந்தால் மூட்டை ஏறுவது தெரியும். மேஸ்திரி வீரையன் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"என்ன மருதையா, இன்னிக்கு எத்தனை பேரு மாட்டுனாங்க?"

"உங்காளுக ரெண்டு பேரு, மேஸ்திரி."

"எங்காளுகளா? எங்காளுக திங்கிறது மூட்டை நெல்லு. உங்காளுகதான் காரு திங்கிறவங்க. பணக்கார எலிப்பா."

மஞ்சள் வண்டி ஆடி மாசம் வந்தது. லாரியிலிருந்து இறக்கும்போதே மருதையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டே ஸீட்டு. எருமை படுத்த மாதிரி தரையோடு கிடந்தது. மில் வாசலில் இருந்த சிறு மேட்டை அதனால் ஏற முடியவில்லை; வயிறு தட்டியது. பலகை போட்டு, அதன்மேல் சாக்கு விரித்து, பிள்ளைத்தாய்ச்சியை நடத்துகிற மாதிரி நடத்தி உள்ளே கொண்டுபோனார்கள். பானெட்டைத் திற என்றால் ஷஹ்பாஸ் பின்பக்கத்தைத் திறந்தான். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் ஒரு பை வைக்கிற அளவு பள்ளம், அவ்வளவுதான்.

"இதுல ஒரு மூட்டை ஏத்துவியா?" என்று வீரையன் பார்க்க வந்து கேட்டார்.

"மூட்டை எதுக்கு மேஸ்திரி? பொண்டாட்டி ஒருத்தியத்தான் ஏத்த முடியும் போலருக்கு. அவ ஏறுனா மாமியா ரோட்டுலதான் நிக்கணும்."

"அப்ப நல்ல வண்டிதான்" என்றார் வீரையன்.

ஆனால் பாய் சிரிக்கவில்லை. கையிருந்ததை எல்லாம் அதில் போட்டிருந்தார். முன்பு விற்ற வண்டிகளில் கிடைத்தது, மனைவி தஹ்மீனாவின் நகை, எல்லாம் அதில் அடக்கம். இது நல்ல விலைக்குப் போனால் அடுத்து இரண்டு வண்டி எடுக்கலாம், மில்லுக்கு மேற்கூரை மாற்றலாம். போகாவிட்டால்?

"போகாட்டி பழைய ஷார்ஜாதான் அண்ணே. கம்பெனிக்காரன் இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான். மில்ல வுட்டுட்டு ஏற வேண்டியதுதான்."

மில்லை விட்டால் எலிக்காவலும் இல்லை. அதை மருதையனுக்குத் தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஷஹ்பாஸ் அந்த வண்டியோடு ஆவணி முழுக்கக் கிடந்தான். புரட்டாசியில் படம் எடுத்தார்கள். களத்தில் வீரையன் கொட்டிக் காயவைத்திருந்த ஈர நெல்லை ஓரமாக வாரி ஒதுக்கிவிட்டு, வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பாய் சுற்றிச் சுற்றி வந்தார். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது சாவி திருப்பி, அந்தச் சத்தத்தையும் வீடியோவில் பிடித்தார். அது உறுமியதில் களத்துக் காக்கை எல்லாம் எழுந்து போயின. பம்பருக்கு அடியில் ஒரு கீறல் இருந்தது. குனிந்தால்தான் தெரியும். பாய் அதைத் தனியாக ஒரு படம் எடுத்து ஏற்றினார்.

"மாமா, அத யாரு பாக்கப் போறா?" என்றான் ஷஹ்பாஸ்.

"வாங்குறவன் பாப்பான்டா. இங்க பாக்காட்டி வீட்டுல போய் பாப்பான். அப்ப என்னயத் திட்டுவான். கீறலக் கீறல்னு சொன்னாத்தான் முகம் தெரியாதவன் பணம் அனுப்புவான். இந்தத் தொழில்ல நம்ம பேரு ஒண்ணுதான் சரக்கு."

ஏலப் பக்கத்தில் பாய் பெயருக்குக் கீழே முன்பு வாங்கினவர்கள் நாலு வரி எழுதியிருந்தார்கள். சொன்னபடி இருந்தது, மறைக்கவில்லை என்று. பாய் அதை மருதையனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். எலி கடித்த சிவப்பு வண்டியைக்கூட எலி கடித்தது என்று எழுதித்தான் விற்றாராம். நஷ்டத்தில்.

வீடியோ ஏற்றியபின் வண்டியை யாரும் தொடக்கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். மீட்டரில் எந்த எண் காட்டினாரோ அதே எண்ணோடு கைமாற வேண்டும், ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், போர்த்தி வையுங்கள் என்றார்.

ஆயுத பூஜை அந்த வாரத்தில் வந்தது. பாயும் ஷஹ்பாஸும் அதிராம்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மருதையன் மட்டும்தான் மில்லில். மங்களாம்பிகை குளித்து, தலையில் ஈரத் துணியோடு, ஒரு பையில் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் கொண்டுவந்தாள். கிட்டிகளைக் கழுவி வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தாள். ஷஹ்பாஸின் ஸ்பேனர் பெட்டிக்கும் வைத்தாள். பிறகு மஞ்சள் வண்டியின் பக்கம் வந்தாள்.

"இதுக்கு வெக்கலயா?"

"வேணாம். பெயிண்டுல சந்தனம் பட்டா கறை நிக்குமாம். ஷஹ்பாஸ் தண்ணி தொடைக்கவே தனித் துணி வெச்சிருக்கான்."

"அதுக்காக? நமக்குச் சோறு போடுற வண்டி. ஊருல மாட்டு வண்டிலேர்ந்து மிசின் வரைக்கும் எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு. இது மட்டும் மூளியா நிக்கிறதா?"

"பாயி வண்டிடி."

"பாயி வண்டின்னா ஏலம் போக வேணாமா?"

மருதையன் யோசித்தார். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார்தான். ஆனாலும் அவர் மார்க்கம் வேறு. இல்லாத நேரத்தில் அவர் பொருளுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பல்லிளித்துக்கொண்டு நிற்பது மரியாதையாகப் படவில்லை. வைக்காமல் விடவும் மனசு கேட்கவில்லை. இந்த ஒரு வண்டியில்தானே அவர் இடுப்பும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் வெளியே தெரியாமல் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. போர்வையைப் பாதி விலக்கி, ஷஹ்பாஸ் திறக்கிறதைப் பார்த்துப் பழகிய இடத்தில் கை விட்டு, பின்மூடியைத் திறந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டு இருந்தது, விளக்கு மாடம் மாதிரி. அதில் இரண்டு கை பொரி, மேலே கடலை, ஒரு துண்டு வெல்லம். மங்களாம்பிகை கற்பூரம் காட்ட வந்தாள்.

"ஏய், பெட்ரோல் வண்டி. தூரப் போ."

தூரத்தில் நின்றே காட்டினாள். இரண்டு பேரும் கும்பிட்டார்கள். மூடியை அழுத்திச் சாத்தி, போர்வையை முன்னிருந்த மாதிரியே இழுத்துவிட்டார். மறுநாள் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். மறுநாள் விடிவதற்குள் பாய் வந்துவிட்டார். அவர் எதிரில் திறக்க முடியவில்லை. பொரிதானே, என்ன செய்துவிடும், என்று இருந்துவிட்டார்.

ஏலம் முடிகிற சாயங்காலம் மூன்று பேரும் மில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வீரையனும் நெல் பார்க்க வந்த சாக்கில் வந்து நின்றுகொண்டார். பாய் கையில் போன். ஏலம் என்றால் மருதையன் பார்த்தது மீன் ஏலம், கோயில் புளியமரத்து ஏலம். கூச்சலும் சண்டையுமாக இருக்கும். இதில் சத்தமே இல்லை. யாரோ எங்கேயோ விரல் வைக்க, இங்கே எண் மாறியது. முடியப் போகிற நேரத்தில் ஒருவன் கேட்டால் கெடு கொஞ்சம் தள்ளிப் போகும். அப்புறம் இன்னொருவன் கேட்பான். மறுபடி தள்ளிப் போகும்.

"இதென்னப்பா, இழவு வீட்டுல எடுக்கப் போறோம் எடுக்கப் போறோம்னு ஒக்காத்தி வெக்கிற மாதிரி" என்றார் வீரையன்.

பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். ஷஹ்பாஸ் நகம் கடித்தான். பெங்களூர்க்காரன் ஒருவனும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் மாறி மாறி ஏற்றிக்கொண்டு போனார்கள். பெங்களூர் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு பாய் போனை மடியில் கவிழ்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"போயிடுச்சா?" என்றார் மருதையன்.

"போயிடுச்சு அண்ணே. நெனச்சதுக்கு மேல. அடுத்த மாசம் உங்களுக்கு ரெண்டு வண்டிக்குக் காவல்."

மங்களாம்பிகையின் பொரிதான் வேலை செய்திருக்கிறது என்று மருதையன் நினைத்தார். சொல்லவில்லை. வாசலில் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தார்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர் மழை விட்டதும் நானே வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தார். இடையில் மில்லுக்குப் பின்னால் குறுவை அறுப்பு. மெஷின் சேற்றில் புதையப் புதைய அறுத்து முடித்தது. வயலில் இருந்த எலியெல்லாம் வரப்பை விட்டு மேட்டைத் தேடி வந்தன. மருதையனுக்கு உட்கார நேரமில்லை. வைத்த கிட்டியெல்லாம் விழுந்தது. விழுந்ததை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் மறுபடி விழுந்தது. மழைச் சாரலில் இடுப்பு இழுத்தது. இத்தனை எலி ஏன் வண்டிப் பக்கமே சுற்றுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. அறுப்புக் காலம், அப்படித்தான் இருக்கும் என்று கிட்டிகளை மஞ்சள் வண்டியைச் சுற்றி வேலி மாதிரி நெருக்கி வைத்தார்.

மழை விட்டு வானம் வெளுத்த ஒரு காலையில் பகலவன் என்கிற அந்தக் கோயம்புத்தூர்க்காரர் தஞ்சாவூரில் ரயிலிறங்கி, ஆட்டோவில் வந்து சேர்ந்தார். பெரிய பணக்காரர் வருவார் என்று பார்த்தால், லேத் பட்டறை வைத்திருக்கிறவர். உள்ளங்கையில் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. சின்ன வயதிலிருந்து இந்த வண்டியின் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். ஒரு பையிலிருந்து புது ஷூவை எடுத்தார். அடிப்பாகம் மெல்லிசாக இருந்தது.

"பெடல் காலுல தெரியோணுமுங்க. அதுக்குன்னு தேடி வாங்குனது." சொல்லும்போதே வெட்கப்பட்டார். சேறு பட்டுவிடக் கூடாதென்று மில்லுக்குள் வந்துதான் அதை மாட்டினார்.

பாய் போர்வையை உருவினார். பகலவன் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு தரையோடு இறங்கி ஸீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார்.

உள்ளே இருந்த விளக்கு அத்தனையும் எரிந்தது, தேருக்குச் சீரியல் பல்பு போட்ட மாதிரி. உறுமல் வரவில்லை. மறுபடி திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பேட்டரியா இருக்கும்" என்றான் ஷஹ்பாஸ். பேட்டரியில்லை. சார்ஜர் நேற்றுவரை மாட்டித்தான் இருந்தது. அவன் முகம் மாறியது.

"நீங்க அப்பிடி வாசல்ல ஒக்காருங்க சார். டீ சொல்றோம். அஞ்சு நிமிஷம்."

பகலவன் எழுந்து போனார். ஷஹ்பாஸ் பின்மூடியைத் திறந்தான். வைக்கோலும் சாக்குநூலும் சுற்றி ஒரு கூடு. பொரி உமி. பாதி தின்ற கடலை. வெல்லம் இருந்த இடம் ஒட்டிக்கொண்டு கறுத்திருந்தது. கூட்டுக்கு மேலே ஒயர் கொத்து, நறுக்கிய பீன்ஸ் மாதிரி துண்டு துண்டாக.

ஷஹ்பாஸ் ஒரு பொரியை விரலில் ஒட்டி எடுத்தான். அதைப் பார்த்தான். மருதையனைப் பார்த்தான்.

"வெளிய கிட்டியக் கட்டி நிறுத்திட்டு உள்ள விருந்தா அண்ணே?"

பாய் ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அங்கிருந்தே கேட்டார்.

"எப்ப அண்ணே?"

"ஆயுத பூசைக்கி. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க."

"ஏன் அண்ணே உள்ள? வெளிய வெச்சிருக்கலாமே. நான் என்ன சொல்லப் போறேன்?"

"பெயிண்டு... அப்புறம் உங்க மார்க்கம்... பாத்தா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு."

"ஷார்ஜா யார்டுல பாதி வண்டி பொட்டோடதான் நிக்கும். நான்தான் தொடைப்பேன்." பாய் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "கேட்டிருந்தா பொரியக்கூட நானே வாங்கிக் குடுத்திருப்பேன். மூடிக்கு வெளிய."

ஷஹ்பாஸ் குரலைத் தாழ்த்தினான். "மாமா, கேளுங்க. இதெல்லாம் வாரிடுறேன். ஒயர ஒட்டு போட்டுச் சுத்திட்டா மத்தியானத்துக்குள்ள ஸ்டார்ட் ஆயிடும். மழை ஈரம்னு சொல்லிக்கலாம். முழுசா மாத்தணும்னா ஒயர் வெளிநாட்டுலேர்ந்து வரணும், நமக்கு மிஞ்சுனது அத்தனையும் அதுலயே போயிடும்."

"தாங்குமாடா?"

"கோயமுத்தூரு போயிரும்."

"போயி?"

ஷஹ்பாஸ் அறுந்த ஒயர் நுனிகளை விரலால் ஒதுக்கினான். கீறலைப் படம் எடுத்துப் போட்ட மனுஷன், ஒயரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. சரி என்றும் வரவில்லை. தஹ்மீனாவின் நகை அவர் கண்ணுக்குள் நின்றிருக்கும்.

மருதையன் வாசல் பக்கம் பார்த்தார். பகலவன் அந்த ஷூவைக் கழற்றி, சேறில்லாத இடமாகப் பார்த்து ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்பால், சாலைக்கு எதிர்ப்புறம், பலகையில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஷஹ்பாஸ் ஒட்டுப் போட்டால் வண்டி போய்விடும். அடுத்த மாசம் இரண்டு வண்டி வரும். இடுப்பும் பிழைக்கும். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்று நினைத்தார். சும்மா நிற்கத்தான் பார்த்தார். கோயம்புத்தூருக்கு அங்கிட்டு ஏதோ ஒரு சாலையில், முதுகுக்குப் பின்னால் எஞ்சினை வைத்துக்கொண்டு, அந்த மெல்லிசு ஷூவைப் போட்டுக்கொண்டு அந்த ஆள் போவது கண்ணில் வந்தது. பெட்ரோல் வண்டி, தூரப் போ என்று மங்களாம்பிகையை விரட்டியது தான்தானே என்பதும் வந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கூட்டைப் பொரியோடும் உமியோடும் அப்படியே துண்டில் வாரினார். நடந்து போய்ப் பகலவன் முன்னால் விரித்தார்.

"இது நான் வெச்சதுங்க. ஆயுத பூசைக்கி. பாயிக்குத் தெரியாது. இதுக்கு எலி வந்து ஒயரக் கடிச்சிருச்சு. ஒட்டு போட்டா ஓடுமாம். ஆனா ஒட்டுதான்."

பகலவன் துண்டைப் பார்த்தார்.

"வீடியோல ஸ்டார்ட் ஆச்சுங்களே, அது இந்த வண்டிதானுங்களா?"

"இதேதாங்க. காக்காயெல்லாம் பறந்துச்சே."

"எங்க லேத்துக்கு வருஷா வருஷம் வெக்கறதுதானுங்க" என்றார் பகலவன். சிரிக்க வருகிற மாதிரி இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "லேத்து எலிய உள்ளாற உடாதுங்க."

பாய் எழுந்து வந்தார். மருதையனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பகலவன் எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஷஹ்பாஸ் சொன்னதையும் சொன்னார். வேண்டாம் என்றால் வாங்கின பணத்தை இன்றே திருப்புகிறேன் என்றார். பேச்சு மத்தியானம் வரை போனது. ஒயர் மாற்றுகிற செலவைக் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்வதாகப் பகலவன் ஒப்புக்கொண்டார். படம் ஒட்டி வைத்து இத்தனை வருஷம் பார்த்த வண்டியை இவ்வளவு பக்கத்தில் வந்து விட்டுப் போக அவருக்கும் தெம்பில்லை. மறுநாள் லாரி வந்தது. மறுபடி பலகை, மறுபடி சாக்கு. வண்டி உறுமாமல், கயிற்றில் ஏறிப் போனது. பகலவன் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அந்த வாரத்தில் அவர் ஏலப் பக்கத்தில் எழுதினார். பாய் படித்துக் காட்டினார். 'வண்டியில் குறை ஏற்பட்டது. கேட்கும் முன் சொன்னார்கள்.'

"பேரு கெடாம நின்னுடுச்சு அண்ணே" என்றார் பாய்.

போட்டது திரும்பியது, தஹ்மீனாவின் நகையை மீட்டு, வாடகை பாக்கியைக் கொடுத்ததில் அது தீர்ந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த வண்டி எடுக்க ஒன்றுமில்லை. மில் சொந்தக்காரர் நெல் வைக்க வேறு ஆட்கள் கேட்கிறார்கள் என்று நச்சரித்தார். ஐப்பசி பாதியில் பாய் மில்லை விட்டார். ஷஹ்பாஸ் பட்டுக்கோட்டையில் ஒரு பட்டறைக்குப் போனான். ஷார்ஜாவுக்குக் கிளம்புகிற அன்று பாய் வந்து மருதையன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவம் இருந்துச்சு அண்ணே. பொய் சொல்லல. இப்ப அசதிதான் இருக்கு. ரெண்டு வருஷம். திரும்பி வந்தா முதல் போன் உங்களுக்குத்தான்."

"வாங்க பாய். கிட்டியெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன்."

"அடுத்த தடவை பொட்டு வெளிய வெய்யுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய் போகும்போது, இது எதற்கு எனக்கு என்று மஞ்சள் வண்டியின் போர்வையை மருதையனிடமே கொடுத்துவிட்டுப் போனார். உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும். பெயிண்டில் கோடு விழாமல் இருப்பதற்காகத் தனியாகத் தைத்தது.

மழையில் எதிர்ப்பக்கம் நெல் தேங்கிவிட்டது. ஆள் போதவில்லை. கொஞ்ச நாளைக்கு மருதையன் வீட்டிலிருந்தார். மங்களாம்பிகை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொரியைப் பற்றியும் பேசவில்லை. எலிக் காவல் என்று வயலில் கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலையில் எழுந்து அந்தப் போர்வையைக் கத்தரித்தாள். "எங்க கெளம்புறீங்கன்னு தெரியுது. சாக்குல சும்மாடு கட்டுனா கழுத்து அறுக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

வீரையன் பலகையின் அடியில் நின்றிருந்தார். இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை.

"சின்ன மூட்டையாப் பாத்து ஏத்தச் சொல்றேன் மருதையா."

"சின்ன மூட்டை எங்க இருக்கு மேஸ்திரி? எல்லாம் ஒரே அளவுதானே."

"சரி, மெதுவா போ. யாரும் வெரட்ட மாட்டாங்க."

மருதையன் போர்வைத் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். மெத்தென்று இருந்தது. அதில் இன்னும் அந்த வண்டியின் மெழுகு வாசம் போகவில்லை. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார்கள். இடுப்பு ஒரு தடவை வலித்துக் கேட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. பலகை மழையில் ஊறி வழுக்கியது. முதல் காலை எடுத்து வைத்தார்.